ஏழாம் எண் சாலை

பண்டிகைக்கு ஊருக்குப் போவது என்பது ஐதராபாத்தில் படிக்கும் நம் தமிழ்ச் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு தனிக் கலை. 60 நாட்களுக்கு முன்பே காலை எட்டு மணிக்குக் கண்ணும் விரலும் ஆயத்தமாக உட்கார்ந்து ரயிலில் இடம் பிடிக்க வேண்டும். பிடித்தவன் அன்று முழுவதும் விடுதியில் வெற்றி வீரனாக உலா வருவான். பிடிக்காதவன் காத்திருப்போர் பட்டியலில் தன் எண் இறங்குவதைப் பரீட்சை முடிவு பார்ப்பது போலப் பார்த்துக் கொண்டிருப்பான். சென்ற பொங்கலுக்கு நான் வெற்றி வீரர் கூட்டத்தைச் சேர்ந்தவன். மேல் படுக்கையே கிடைத்திருந்தது. ஆனால் அந்த டிக்கெட்டை நானே ரத்து செய்தேன். காரணம், அப்பா தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தை.

"ரயிலில் வர வேண்டாம். மாமா வண்டியோடு ஐதராபாத் வருகிறான். அவனோடு வா."

'வண்டி' என்று அவர் சொன்னது எங்கள் பத்துச் சக்கர லாரியை. சேலத்துக்கு மேற்கே இருக்கும் சங்ககிரி எங்கள் ஊர். அங்கே லாரி இல்லாத தெரு கிடையாது. உழவர் குடும்பத்தில் ஏர் எப்படியோ அப்படி எங்கள் வீடுகளில் லாரி. என் தந்தையார் 1994 முதல் 2022 வரை, 28 ஆண்டுகள், லாரி ஓட்டினார். சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கியது. இனி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு என் தாய்மாமன் அந்த வண்டியை ஓட்டி வருகிறார். அதையும் விற்றுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் ஓராண்டாகவே நடந்து கொண்டிருந்தது.

எனக்கும் அப்பாவிடம் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. நிலவியலில் எம்.எஸ்ஸி. இந்த ஆண்டு முடிகிறது. மேலே ஐந்தாண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. உடனே ஒரு வேலையில் சேர்ந்தால் வண்டிக் கடனில் பாதியை இரண்டு ஆண்டுகளில் அடைத்துவிடலாம் என்பது வீட்டு நிலைமை. ஆராய்ச்சியைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தபோதுதான், "நேரில் பேசிக் கொள்ளலாம், லாரியில் வா" என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா அதிகம் பேசுகிறவர் அல்லர். என் பள்ளிப் பருவத்தில் மாதத்துக்கு ஏழெட்டு நாள் வீட்டில் இருப்பார். அதிலும் பாதி நேரம் தூக்கம். மற்ற நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டால், "லைனில் இருக்கிறார்" என்று சொல்ல எங்களுக்குத் தெரியும். அந்த 'லைன்' எப்படிப்பட்டது என்பது தெரியாது.

ஷம்ஷாபாத்துக்கு அப்பால் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு மாமா காத்திருந்தார். ஜவ்வரிசி மூட்டைகளை நகரத்தில் இறக்கிவிட்டு வண்டி காலியாக நின்றது. நான் ஏறி உட்காரப் போனேன். "மாப்பிள்ளை, இப்போதெல்லாம் கிளீனர் கிடைப்பதில்லை. நீதான் இன்றைக்குக் கிளீனர்" என்று ஓர் இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்தார். பத்து டயர்களையும் தட்டிப் பார்க்க வேண்டுமாம். காற்று நிறைந்த டயர் கம்பியைத் துள்ளி எறியும்; காற்று இறங்கியது 'மொத்' என்று வாங்கிக் கொள்ளும். பாறையைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கொண்டு நல்ல கல்லா, உளுத்த கல்லா என்று பார்ப்பது எங்கள் வகுப்பில் முதல் பாடம். படித்த படிப்பு முதல் நிமிடத்திலேயே பயன்பட்டது கண்டு எனக்குப் பெருமைதான்.

நாங்கள் போன பாதை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் இதைவிட நீண்ட நெடுஞ்சாலை இந்தியாவில் இல்லை. 2010-இல் சாலைகளுக்குப் புது எண் கொடுக்கும் வரையில் இதன் தென்பகுதி, வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்த ஏழாம் எண் சாலையின் பகுதியாக இருந்தது. எண் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் மாமாவுக்கு அது இன்னும் 'ஏழாம் நம்பர் ரோடு'தான். புது எண் பலகைகளுக்கே உரியது. ஓட்டுகிறவன் நாக்கில் பழைய எண்தான் நிற்கிறது.

பொழுது விடியும் போது இருபுறமும் பாறைகள் தெரியத் தொடங்கின. ஐதராபாத்தில் நாம் தினமும் பார்க்கும் பாறைகள்தாம். ஒன்றன் மேல் ஒன்று யாரோ அடுக்கி வைத்தது போல நிற்கும் பாறைகள். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உறைந்த கருங்கல் அது. மேலே இருந்த சுமை காலப்போக்கில் கரைந்து போக, கல் விரிந்து, குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விட்டது. வெடிப்பில் இறங்கிய மழைநீர் மூலைகளை முதலில் தின்றது. சதுரக் கட்டிகள் உருண்டையாயின. இதை நான் உற்சாகமாக மாமாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கப்பா இதைக் கூழாங்கல் காடு என்பார். இந்தக் காட்டில் வண்டி நின்றால் டயர் அடியில் கட்டை போட வேண்டியதில்லை, கல்லுக்குப் பஞ்சமில்லை என்பார்" என்றார். ஒரே கல்லை மகன் ஒரு விதமாகவும் தந்தை ஒரு விதமாகவும் பார்த்திருக்கிறோம்!

பீச்சுபள்ளியில் கிருஷ்ணையைக் கடந்தோம். ஆலம்பூர் முச்சந்தி தாண்டினால் துங்கபத்திரை. இப்பால் தெலுங்கானா, அப்பால் ஆந்திரம். ஆற்றின் தென்கரையில் கர்னூல். 1953 அக்டோபர் முதல் நாள் நம் பழைய சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்து ஆந்திர மாநிலம் அமைந்தபோது, மூன்றாண்டு காலம் அதன் தலைநகராக இருந்த ஊர் இது. ஊருக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகைத் தேநீர்க் கடையில் மாமா வண்டியை ஓரங்கட்டினார். "அப்பா நிற்கும் இடம்" என்றார்.

கடையில் இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். வாசலில் சங்கராந்திக் கோலம் போட்டு, நடுவே சாணி உருண்டையில் பூச்செருகி வைத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும், "அன்னா பாகுன்னாரா?" என்று முதலில் விசாரித்தார். அண்ணன் நலமா என்று கேட்டது என் அப்பாவைப் பற்றி. மாமா என்னைச் சுட்டிக்காட்டி, "அன்னா கொடுக்கு" என்று அறிமுகம் செய்தார். அண்ணனின் மகன்! அவ்வளவுதான், எனக்குத் தேநீரோடு இரண்டு தட்டு இட்டிலி வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். அப்பாவின் கண்ணைப் பற்றி, அம்மாவைப் பற்றி, என் தங்கையின் படிப்பைப் பற்றி எல்லாம் கேட்டார். என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த மார்க் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஐதராபாத்தில் அரைகுறையாகக் கற்ற தெலுங்கில் பதில் சொன்னேன். "உங்கள் அப்பா தெலுங்கு இதைவிட நன்றாகப் பேசுவார்" என்று சிரித்தார். என் தந்தைக்குத் தெலுங்கு வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். 2009 அக்டோபர் தொடக்கத்தில் துங்கபத்திரையில் பெருவெள்ளம் வந்து கர்னூல் நகரம் மூழ்கியது. நூற்றுக்கணக்கான லாரிகள் சாலையில் நின்றுவிட்டன. வடக்கே போய்க் கொண்டிருந்த அப்பாவின் வண்டியும் ஊருக்குத் தெற்கே மேட்டில் நின்றது. கடை போய், வீடு போய், மேட்டுக்கு ஏறி வந்த சனங்கள் அந்த லாரிகளின் அடியிலும் நிழலிலும் கிடந்தார்கள். இரண்டாம் நாள் குழந்தைகள் பசியில் அழத் தொடங்கியபோது அப்பா தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தாராம். உள்ளே சேலத்து ஜவ்வரிசி. யாரிடமோ பெரிய அண்டா ஒன்று கிடைத்தது. மூன்று நாள் அந்த மேட்டில் கஞ்சி காய்ந்தது. "ஒன்பது மூட்டை. நான்தான் துடுப்புப் போட்டுக் கிண்டினேன். என் சின்ன மகள் அந்தக் கஞ்சியில் பிழைத்தாள்" என்றார் அந்த அம்மையார்.

எனக்கு அந்த ஆண்டு நினைவிருக்கிறது. அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. வெள்ளத்துக்குப் பின் இரண்டு வாரத்தில் தீபாவளி. அந்தத் தீபாவளிக்கு மட்டும் எங்களுக்குப் புதுத் துணி இல்லை. அம்மாவின் கழுத்துச் சங்கிலியும் இல்லை. "அப்பா லோடு மழையில் நனைந்து போயிற்று, சரக்குக்காரருக்குப் பணம் கட்ட வேண்டும்" என்று அம்மா சொன்னார். நனைந்து போன லோடு என்ற அந்தச் சொல்லை இத்தனை ஆண்டும் நான் அப்படியே நம்பி வந்தேன்.

புறப்படும்போது அந்த அம்மையார் ஒரு தூக்கு நிறைய அரிசெலு கொடுத்தார். நம் ஊர் அதிரசத்துக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். மேலே எள் ஒட்டியிருக்கும். வண்டி நகர்ந்து வெகு நேரம் வரை நான் பேசவில்லை. மாமாவும் பேசவில்லை. அவருக்கு அந்தக் கதை முன்பே தெரியும் போலிருந்தது.

டோனுக்கு வந்து, நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, பேதம்செர்லா போய்ச் சேர்ந்தோம். 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது இந்தப் பகுதி கர்னூலிலிருந்து நந்தியால் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஊர் முழுவதும் கல். வீட்டுச் சுவர் கல், வேலி கல், கூரை கூடக் கல். தரையில் பாவுவதற்குப் பலகை பலகையாகப் பெயர்த்து எடுக்கிறார்கள். நம் வீட்டுச் சமையல் மேடையில் இருக்கும் கறுப்புக் கடப்பைக்கல்லுக்கு இது பங்காளி முறை. இரண்டும் சுண்ணாம்புக்கல், கடலடியில் ஏடு ஏடாகப் படிந்த வண்டல். அதனால்தான் உளி வைத்துத் தட்டினால் புத்தகத்தின் தாள் போலப் பிரிந்து வருகிறது. பூமியில் மீனும் நண்டும் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே படிந்த வண்டல் ஆகையால் அதில் கிளிஞ்சலைத் தேடிப் பயனில்லை. நுண்ணுயிர்களின் காலம் அது.

ஈரோட்டுக் கல் கடை ஒன்றுக்கு லோடு. பலகைகளைப் படுக்க வைத்து ஏற்றினால் மேடு பள்ளத்தில் நடுவில் முறிந்துவிடும். ஆகவே இடையிடையே வைக்கோல் கொடுத்து, செங்குத்தாகச் சாய்த்து நிறுத்துகிறார்கள். ஏற்றும் கூலியாட்களில் வயதான ஒருவர், வண்டியின் பின்பலகையில் ஒரு மூலையைக் காட்டி, "இந்த ஆணியைச் சங்ககிரிக்காரர் அடித்தார். கல் நழுவி என் காலில் விழுந்த பிறகு அடித்தார்" என்றார். அவருக்குச் சிறிது தாங்கல் நடை. அந்த ஆணியில் கயிறு கட்டிய பிறகு இந்த வண்டியில் கல் நழுவியதில்லையாம்.

லோடு ஏற்றி முடிய மாலை ஆகிவிட்டது. இரவு பதினொரு மணிக்குக் கூத்தி வந்து சேர்ந்தோம். ஊருக்கு மேலே நிலவொளியில் பெரிய பாறை மலை, அதன் மேல் கோட்டை. இங்கே தூக்கம். நள்ளிரவு முதல் நான்கு மணி வரை வண்டி ஓட்டக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். அந்த நேரத்தில் கண் திறந்தபடியே தூங்கும் என்பாராம். மாமா கேபினுக்குள் படுத்தார். நான் குளிரில் சுருண்டு அமர்ந்து கோட்டையைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்தக் கூத்திக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சென்னையில் குதிரை மேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாரமகாலில் வரி அதிகாரியாக இருந்தவர். ஐதராபாத் நிஜாம் 1800-இல் இந்தச் சீமையைக் கும்பினியாருக்கு விட்டுக் கொடுத்தபோது அதை நிர்வகிக்க அனுப்பப்பட்டார். பின்னர் சென்னை கவர்னரானார். ஊர் திரும்பும் முன் தமக்குப் பழக்கமான இந்தப் பகுதியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர், 1827 ஜூலையில் பக்கத்துப் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். முதலில் அவரை அடக்கம் செய்தது இந்தக் கூத்தியில்தான். பிறகே சென்னைக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொண்டு போனார்கள். கவர்னரே ஆனாலும், பல ஆண்டுகள் சுற்றித் திரிந்த வழியை விட்டுப் போகும் முன் ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் மனம் ஆசைப்படுகிறது. கண் மங்கி வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஆசை எப்படித் தீரும்? தம் கண்ணுக்குப் பதிலாக வேறு ஒரு கண்ணைத்தானே அனுப்ப முடியும்? லாரியில் வா என்றதன் பொருள் அந்த இரவில் எனக்குக் கொஞ்சம் புலப்படலாயிற்று.

மறுநாள் அனந்தபூர் சீமை. மழை மறைவு நிலம், செம்மண், அறுவடை முடிந்த கடலைக் காடுகள். வழியில் பெனுகொண்டா. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விஜயநகர அரசு தன் தலைநகரை மாற்றிக் கொண்டு வந்த ஊர். அதைக் கடந்ததும் ஒரு புளியமரத்தடியில் மாமா நிறுத்தி இரண்டு குடம் தண்ணீரை அங்கிருந்த கல் தொட்டியில் ஊற்றினார். கோடையில் ஆடு மாடுகளுக்காக அப்பா தொடங்கிய வழக்கமாம். "இது மார்கழி ஆயிற்றே?" என்றேன். "வண்டிக்குப் பழகிவிட்டது, தானாக நிற்கிறது" என்றார் மாமா.

பாகேபள்ளி, சிக்கபள்ளாபூர் தாண்டி, பெங்களூருக்குள் நுழையாமல் தேவனஹள்ளியில் கிழக்கே திரும்பினோம். ஹொஸ்கோட்டை, ஓட்டுத் தொழிற்சாலைகள் நிறைந்த மாலூர் வழியாக ஓசூருக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. தமிழ்ப் பலகைகளைப் பார்த்ததும் காரணமில்லாமல் பசி எடுத்தது. நண்பர்கள் இதை அனுபவித்திருப்பீர்கள். கிருஷ்ணகிரியில் சாப்பிட்டோம்.

தருமபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாய். இந்த இறக்கத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் பிடிக்காமல் போய், முன்னால் போகிற வண்டிகள் மேல் மோதி விடுகிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் கல்லும் சேர்ந்து 28 டன். அது 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், ஏறத்தாழ 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நியூட்ரலில் வந்தால் அத்தனை சூட்டையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். சூடேறிய பிரேக் கட்டைக்குப் பிடிமானம் குறைந்துவிடும். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

மாமா கணக்குப் போடவில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே ஓரமாக நிறுத்தி, இறங்கி, எல்லாச் சக்கரங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தார். வீடு இன்னும் இரண்டு மணி நேரத்தில். எனக்கோ அவசரம். "போகலாமா மாமா?" என்றேன்.

"உங்கப்பாவோடு சேர்ந்து லைனுக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் இந்த இறக்கத்தில் போனார்கள். ஒருவர் வீட்டில் அன்றைக்குச் சீமந்தம். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இறங்கினார். அதிலிருந்து உங்கப்பா வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் இங்கே கால் மணி நேரம் நிற்பார். நீ பிறந்த அன்றைக்கும் நின்றார்."

நான் பிறந்த செய்தி அப்பாவுக்குத் தருமபுரியில் கிடைத்தது என்பதும், ஆனாலும் அவர் நள்ளிரவுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார் என்பதும் வீட்டில் அடிக்கடி சொல்லிக் காட்டப்படும் கதை. பாட்டி சாகும் வரை அதைக் குறையாகச் சொன்னார். அந்தக் கால் மணி நேரத்தை அப்பா யாரிடமும் விளக்கியதில்லை.

சேலம் தாண்டி, இருட்டில் சங்ககிரி மலை தெரிந்தது. தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட கோட்டை அதுதான். போகிக்கு முன்னிரவு, தெருவெங்கும் வெள்ளையடித்த வாசனை. வண்டிச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டு அப்பா திண்ணைக்கு வந்து நின்றிருந்தார். "பின் டயர் ஒன்றில் காற்றுக் குறைவு" என்றார் முதல் வார்த்தையாக. சரியாகத்தான் சொன்னார். நான் அன்று மாலை கம்பி எடுத்துத் தட்டியபோது ஓசை மாறியிருந்த அதே டயர்!

தூக்கை அவர் கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து, "கர்னூல்" என்றார். ஒன்று எடுத்துக் கடித்தார்.

"லோடு நனைந்து போயிற்று என்றீர்களே அப்பா?" என்று கேட்டேன்.

"நனைந்துதான் போயிற்று. கஞ்சி என்றால் தண்ணீரில்தானே போட வேண்டும்?" என்றார்.

"ஒன்பது மூட்டையாமே?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏனுங்க, ஒன்பதா? என்னிடம் ஏழு என்றல்லவா சொன்னீர்கள்?"

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவருக்கு அது எதற்காக என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது. கணக்கில்தான் இரண்டு மூட்டை குறைந்திருக்கிறது.

இரவு உணவுக்குப் பிறகு அப்பாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்தோம். எங்கள் திண்ணையில் பாவியிருப்பது பேதம்செர்லாக் கல்தான். எப்போதோ ஒரு நடையில் மிஞ்சிய பலகைகளை விலைக்கு வாங்கிப் போட்டது. அந்தக் கல் கடலடியில் உண்டான கதையை அவருக்குச் சொன்னேன். கேட்டுக் கொண்டே உள்ளங்கையால் கல்லைத் தடவினார்.

"கடல் இருந்த இடத்திலா நாங்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கிடைக்காமல் அலைந்தோம்?" என்றார். சற்றுப் பொறுத்து, "இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்தாண்டு கேட்கிறேன் என்றும் சொன்னேன். அரசாங்கத்தின் ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வில் தேறியிருப்பதையும், 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய் என்பதையும், அதில் பாதியை வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பதையும் சொன்னேன்.

"வண்டியை வெளியாளுக்கு விற்க வேண்டாம். மாமாவுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம். மீதித் தவணையை அவன் ஓட்டிக் கட்டட்டும். உன் பாதிப் பணம் தங்கச்சி படிப்புக்கு இருக்கட்டும்" என்றார். பிறகு, "படி" என்றார்.

"எதற்காக என்னை லாரியில் வரச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"வண்டி என் பெயரில் இருக்கும்போதே நீ ஒரு தடவை அதில் வரட்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் இல்லை."

பிறகு ஒவ்வோர் இடமாக விசாரித்தார். புளியமரத்துத் தொட்டியில் வெடிப்பு இருந்ததே, பூசினார்களா? கல் ஏற்றும் கிழவர் இன்னும் வருகிறாரா? தொப்பூரில் மாமா எத்தனை நிமிடம் நின்றான்? நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். 23 ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். சுமார் 800 கிலோமீட்டர் சாலை எங்களுக்குப் பேசு பொருளாக இருந்தது.

நண்பர்களே, நம்மில் பலருடைய தந்தையர் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்கள். ஒருவர் லாரியில், ஒருவர் ரயில்வேயில், ஒருவர் வடநாட்டுக் கடையில். வீட்டில் அவர்கள் இல்லாத நாட்களை நாம் எண்ணி வைத்திருக்கிறோம். அந்த நாட்களில் அவர்கள் எங்கோ இருந்துதானே ஆக வேண்டும்? அந்த இடத்துக்குப் போய் ஒரு வேளை தேநீர் குடிக்க வாய்த்தால், ரயில் டிக்கெட்டை ரத்து செய்வதில் நட்டமில்லை.

பொங்கல் முடிந்து நான் ரயிலில்தான் திரும்பினேன். மாமா அடுத்த நடைக்கு ஜவ்வரிசி ஏற்றிக் கொண்டு புறப்பட்டார். அரிசெலு வந்த தூக்கைக் கழுவி வைத்திருந்த அம்மா, வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரலாகாது என்று அது நிறைய எள்ளுருண்டை பிடித்து, மூடியை இறுக்கி, மாமாவின் இருக்கைக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தார். மூன்றாம் நாள் கர்னூலிலிருந்து மாமா பேசினார். தூக்கு சேர்ந்துவிட்டதாம், எள்ளுருண்டையில் வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்று அந்த அம்மையார் சொல்லச் சொன்னாராம்.